பொத்தான்

இந்த ஊரில் அதைப் பொத்தான் என்கிறார்கள்.
முன்கையின் உட்புறம், தோலுக்கு அடியில் அல்ல,
தோலுக்குள்ளேயே ஒரு சொட்டு.
எலுமிச்சைத் தோல் மாதிரி
சிறுகுழி விழுந்த ஒரு மேடு எழும்பி
அரை மணியில் அடங்கிவிடுகிறது.
பிறகு மூன்று நாள்
அது என்ன சொல்லப்போகிறதென்று
வீடே காத்திருக்கிறது.

ஊசியை மஞ்சள் பெட்டியில் போட்டபடி
லிடியா பாவ்லோவ்னா என்னிடம் சொன்னாள்:
சொறிய விடாதே.
பிளாஸ்திரி வேண்டாம், களிம்பு வேண்டாம்.
தண்ணீர் படலாம், தேய்க்கக் கூடாது.
வியாழன் காலை பிள்ளையைக் கையோடு கூட்டிவா.

"கையை வீட்டில் விட்டுவிட்டா வருவேன்?"
என்றாள் ஜிபெக். ஏழு வயது.

கரகண்டாவில் பிப்ரவரி.
விழும்போது வெள்ளை, விடிவதற்குள் சாம்பல்,
அதுதான் எங்கள் பனி.
நான் பேருந்து ஓட்டுகிறவன்.
பத்தொன்பது நாளாகச் சடை பின்னவும் செய்கிறேன்,
இடது சடை எப்போதும் தளர்ந்துவிடும்.
ராவ்ஷான் ஊருக்கு வெளியே,
காசநோய் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
காலையில் ஒரு கை நிறைய மாத்திரை விழுங்குகிறாள்.
எனக்குப் படம் எடுத்தாகிவிட்டது. நெஞ்சு சுத்தமாம்.
மிச்சம் இவள்.

செவ்வாய் இரவு குளிக்க மாட்டேனென்று அழுதாள்.
எதிர்வீட்டு எல்விரா சொல்லிவிட்டாளாம்:
பொத்தான் நனைந்தால் வீங்கும்,
வீங்கினால் அம்மா போன இடத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.
நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். நம்பவில்லை.
கடைசியில் பேனாவைக் கொடுத்து
என் கையில் ஒரு பொத்தான் வரையச் சொன்னேன்.
நாலு துளையோடு வரைந்தாள்.
முதலில் என் கையை நனைத்தேன்.
வீங்கவில்லை.
பிறகு அவள் கையை, துளித் துளியாக,
துண்டை மேலே வைத்து ஒற்றி எடுத்தேன்.

அரிப்பு ஒரு மணிக்கு வந்தது.
கம்பளிச் சட்டையைக் கழற்றி
என் பழைய பருத்திப் பனியனை மாட்டிவிட்டேன்.
நகத்தை மாலையே வெட்டியிருந்தேன்.
ஜன்னல் விளிம்பில் வைத்த ஈரத்துணி
குளிர்ந்து விறைத்திருந்தது; கொஞ்சம் கசக்கி மேலே போட்டேன்.
"நீயும் சொறியக் கூடாது" என்றாள்.
சரி என்றேன்.
அவள் விரல்களை என் விரல்களுக்குள் பூட்டிக்கொண்டு
வெந்நீர்க் குழாய் முனகுவதைக் கேட்டபடி கிடந்தேன்.

புதன்கிழமை, சில்லறை வாங்கிய ஒரு கிழவர்
என் கையைப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்து,
ஒன்றும் கேட்காமல் இறங்கிப்போனார்.

அன்றிரவு ராவ்ஷான் கைபேசியில் வந்தாள், முகக்கவசத்தோடு.
கிட்டே கொண்டுவா என்றாள்.
இன்னும் கிட்டே.
திரை முழுக்கச் சிவப்பு.
தன் கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்து
அவள் அளந்து பார்ப்பது எனக்குத் தெரிந்தது.
"சிவப்பு தெரியுது. தொட்டுச் சொல்லு,
தடிப்பா இருக்கா?"
தொட்டேன்.
தெரியவில்லை என்றேன்.
தெரிந்தது.

வியாழன்.
லிடியா பாவ்லோவ்னா கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு
விரல் நுனியால் தேடினாள்,
இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவள் மாதிரி.
மேடு தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி,
முடியும் இடத்தில் ஒரு புள்ளி.
சிவப்பு கணக்கில் இல்லை என்றாள்.
தெளிந்த அளவுகோலை வைத்தாள்.
பதினொன்று.

உள்ளே வந்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும்;
விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று
படம் எடுத்தால் சொல்லலாம்.
சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"அப்பாவுக்கும் அளங்கள்" என்றாள் ஜிபெக்.
கழுவிக் கழுவி மங்கியிருந்தது.
லிடியா பாவ்லோவ்னா சிரிக்கவில்லை.
அளவுகோலை என் கையில் வைத்து,
குனிந்து பார்த்து,
பூஜ்யம் என்றாள்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே நீள பெஞ்சு.
எங்களுக்கு முன்னால் ஆறு பேர்.
எப்போது ஆரம்பித்தேனென்று தெரியாது,
மை இருந்த இடத்தையே
சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.
ஒரு சின்னக் கை வந்து
என் விரல்களைப் பிடித்து நிறுத்தியது.

"அப்பா, சொறியாதே."