அல்லது

ஏழு நாற்பதுக்குப் பதினான்காம் எண் டிராலிபஸ்ஸில்
குண்டு வெடித்தது என்றது வானொலி.
"கம்பியெல்லாம் பனி. எட்டு மணிவரை
ஒரு வண்டியும் பணிமனை தாண்டலையே"
என்றாள் நடத்துநர் யாத்விகா,
சில்லறை எண்ணியபடி.
அவ்வளவுதான்.

மின்ஸ்கில், சட்டம் அச்சாகும் கூடத்தில்
மெய்ப்புப் பார்ப்பவன் நான்.
வியாழக்கிழமை வந்த தாளில்
பயங்கரவாதி யார் என்பதற்கு:
குண்டு வைப்பவர், காசு கொடுப்பவர்,
அப்புறம் ஒரு 'அல்லது'.
அதன் முதுகில் ஒண்டிக்கொண்டு
அரசு சொன்ன நேரத்தை நம்பாதவர்.

பிழை தேடினேன்.
கால்புள்ளி ஒன்று தள்ளி நின்றது, நகர்த்தினேன்.
கையெழுத்திட்டேன்.

இன்று பதினான்கில் வேறு நடத்துநர்.
தோளில் யாத்விகாவின் சில்லறைப் பை.
மணி என்ன என்று கேட்டேன்.
சட்டைக்கையை இழுத்துக்
கடிகாரத்தை மூடிக்கொண்டான்.