எந்தப் பக்கத்திலிருந்து அளப்பது

தகரம் துருவேறிச் சரிந்த கிழமை
மதில் கட்ட முடிவெடுத்தேன்.
முப்பத்தைந்து அடி, அவ்வளவுதான்.
மேசன் சிறில் சிகரெட் பெட்டியின் பின்புறம்
கல், சீமெந்து, மணல் என்று கணக்கெழுதி
கடைசியில் தலையைச் சொறிந்தான்:
"மிஸ், கவுன்சில் பேப்பர் எடுத்தீங்களா?"

மூன்றாம் கவுண்டர். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம்,
அடுத்த கிழமை வருமாம்.
சிங்களம் எனக்கு வாசிக்க வரும்,
ஒவ்வோர் எழுத்தாகக் கதவு தட்டி.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் இம்தியாஸ்
விரல் மடித்துச் சொன்னார்.
வீதிப் பக்கம் என்றால் ஓர் உயரம்,
அயல் வீட்டுப் பக்கம் வேறோர் உயரம்.
முடக்கில் வாகனக்காரர் கண்ணை மறைக்கக் கூடாது.
அத்திவாரம் நிலத்துக்குக் கீழும்
அடுத்தவர் மண்ணைத் தொடக் கூடாது.
பிறகு வரைபடத்தைத் திருப்பி
சிவப்புக் கோடொன்றைக் காட்டினார்.
"இது வீதிக் கோடு."
வீதி எங்கே என்றேன்.
"இன்னும் வரவில்லை. வந்தால் இதால்தான் வரும்."
கோடு என் கேற்றைக் கடந்து
பூச்சாடிகளைக் கடந்து
நான் தலைவைத்துப் படுக்கும் மூலையால் போயிற்று.
அன்றிரவு கட்டிலை இழுத்துப் போட்டேன்,
இல்லாத பஸ்ஸுக்கு வழிவிட்டு.

உறுதியை எடுத்துப் படித்தால்
வடக்கே: தொன் கொர்னேலிஸின் கறுவாத் தோட்டம்.
கிழக்கே: உயிர்வேலி.
வடக்கே இப்போது ஏழு மாடி,
ஒவ்வொரு மாடியிலும் ஏசி சொட்டுகிறது.
உயிர்வேலிக்கு என்ன விதி என்று கேட்டேன்.
இம்தியாஸ் முதன்முறையாகச் சிரித்தார்:
"உயிருள்ளதுக்கு எங்களிடம் படிவமில்லை."

சர்வேயர் நாணயக்கார சனிக்கிழமை வந்தார்.
அலவாங்கால் மூன்று இடம் குத்தி
நான்காவதில் எல்லைக் கல்லைக் கண்டார்,
வீரக்கொடி நோனா உடுப்புத் தோய்க்கிற மேடையின் அடியில்.
ஒன்பது அங்குலம் என்னுடையது.
இருபத்திரண்டு வருடமாக
அவர் சவர்க்கார நுரை என் காணியால் ஓடியிருக்கிறது,
நான் தகரத்துக்கு மேலால்
குட் மோர்னிங் சொல்லியிருக்கிறேன்.
அவர் ஒன்றும் பேசவில்லை.
வாளியைத் தூக்கி
ஒன்பது அங்குலம் தள்ளி வைத்தார்.
அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பதையும் விட்டுக்கொடுத்தேனா? இல்லை.
அவ்வளவு நல்லவளாக இருக்க
கொழும்பில் ஒரு பேர்ச் என்ன விலையென்று
தெரியாதிருக்க வேண்டும்.
நாலரை விட்டுக் கட்டு என்றேன்.
சிறில் கேட்டான்: "இது எந்தச் சட்டம், மிஸ்?"

மதில் எழும்பியது.
அளக்க வந்த இம்தியாஸின் நாடா
என் முற்றத்தில் சரியாக நின்றது.
அவர் பக்கம் நிலம் தாழ்வு,
மழை வந்தால் முதலில் நனைவது அந்த வாசல்.
அங்கே அதே மதில்
எட்டு அங்குலம் கூட.
ஒரு கல் வரிசை.
"எந்தப் பக்கத்திலிருந்து அளப்பது?"
கேட்டது நானா அவரா, நினைவில்லை.
கோவையைப் புரட்டினார், பின்னும் புரட்டினார்.
அப்பாலிருந்து நோனாவின் குரல் வந்தது,
ஆள் தெரியவில்லை:
"என் பக்கமிருந்து அளவுங்கள் மாத்தயா.
விடிந்தால் அதைப் பார்க்கப் போவது நான்தானே."

சிறில் சாரத்தை மடித்துக் கட்டி ஏறி
மேல் வரிசைக் கல்லொன்றை
விரலால் அசைத்துப் பார்த்தான்.
சாந்து இன்னும் இறுகவில்லை.