வீட்டு இலக்கம் இல்லாத கடிதம்

ஞாயிறு இரண்டாம் பூசை.
வாசகம் என் முறை.
கடல் கடந்து வந்த பழைய திருமுகம்,
முதல் வரியிலேயே நாக்குத் தடுக்கிற்று:
அந்த நகரில் இருக்கும் புனிதர்களுக்கு.

இருக்கும்.
சேமக்காலையில் கிடப்பவர்களுக்கு என்றில்லை,
கண்ணாடிக் கூட்டுச் சுருவங்களுக்கு என்றுமில்லை.

நிமிர்ந்து பார்த்தேன்.
இருபத்தாறு வருடம் குருநகருக்குத் தபால் கொடுப்பவன்.
எந்த வாங்கில் எந்த வீட்டு இலக்கம் இருக்கிறதென்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
இதற்கு மட்டும் இலக்கமில்லை,
ஒழுங்கையின் பெயருமில்லை.

திங்கட்கிழமை சைக்கிள் மிதிக்கையில்
அது பையிலேயே கிடந்தது.

கிறகோரியிடம் நீட்டினேன், மனதுக்குள்தான்.
ஓர் இயந்திரத்தின் பங்குக்காகத்
தம்பியோடு பதினொரு வருடம் பேச்சில்லை.
வாடை கிளம்பும் இரவுகளில் மட்டும்
தம்பியின் படகையும் சேர்த்துக் கரையேற்றிவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்.
"எனக்கோ? உமக்கென்ன விசரே.
பக்கத்து வீட்டில குடுத்துப் பாரும்."

பக்கத்து வீடு செலஸ்ரினா.
தராசுத் தட்டில் அவள் சுண்டுவிரல்
எப்போதும் கொஞ்சம் கனக்கும்.
எனக்கும் அப்படித்தான் நிறுப்பாள்.
ஆஸ்பத்திரியில் ஆளில்லாமல் கிடந்த,
தெற்கிலிருந்து வந்த மேசனுக்கு
ஒரு சொல்லும் விளங்காத மொழியில் "சாப்பிடு, சாப்பிடு" என்று
ஒன்பது நாள் சொதி கொண்டுபோனது
தாதி சொல்லித்தான் தெரியும்.
கையைச் சேலையில் துடைத்தாள்.
"மீன் கை, தொடமாட்டன். பிழையான விலாசம்."

மடுத்தீன் வெறியில் இருந்தான்.
கையெழுத்துப் போடுறன் என்றான்,
கோட்டில் விரலை வைத்தான்,
பிறகு அழுதான்,
பிறகு வேண்டாமென்றான்.
அவனைப் பற்றி நல்லதாக ஏதும்
தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.
அந்த முதல் வரியோ
அவனைக் கழித்துவிட்டு எழுதப்படவில்லை.

கந்தோரில் முத்திரைகள் உண்டு:
ஆளில்லை. ஏற்க மறுப்பு. விலாசம் போதாது.
எதைக் குத்துவது?

கடைசிப் படலை றெஜினம்மா.
மகன் காணாமல் போன வருடத்திலிருந்து நிற்கிறாள்.
கடிதம் இருக்கோ என்று கேட்பதை
விட்டுப் பலகாலம்.
வெறுங்கையோடு வருகிறவனுக்குத்
தண்ணீர்ச் செம்பை மட்டும் நீட்டுவாள்,
ஒரு நாள் தவறாமல்.

இன்றைக்கு அவளுக்கு ஒன்று இருந்தது.
கொடுக்க வாய் வரவில்லை.
அவள் பார்த்திருப்பது
இந்தக் கையெழுத்தை அல்ல.

செம்பைத் திருப்பி வாங்கும்போது கேட்டாள்:
"தம்பி, ஊருக்கெல்லாம் குடுக்கிறாய்.
உனக்கு ஆர் கொண்டந்து தாறவை?"

திருந்தாதி மணி அடித்தது.
சைக்கிளை மதிலில் சாய்த்தபடி
சட்டைப்பையில் பேனாவைத் தேடினேன்.
பிறகு நெடுநேரம்
அந்தக் கோட்டில் விரல் வைத்து நின்றேன்,
மடுத்தீனைப் போல.