பலகைக்கு அந்தப் பக்கம்

ஒரு மணிக்கு இருபத்தைந்து ரூபாய்.
அரைமணி என்றால் பதினைந்து, சில்லறையாக.
பாம்பன் சந்தைக்கு எதிரே மாடியில்
ஸ்டெல்லா பிரௌசிங் சென்டர்:
ஆறு கணினி, ஒட்டுப்பலகைத் தடுப்பு,
பாலத்தில் ஏறும் ரயில் மாதிரி
தயங்கித் தயங்கி வரும் இணைப்பு.

இரண்டாயிரத்து இரண்டு, மார்கழி.
வாடை அடித்துப் படகுகள் கரையில் கிடந்த வாரம்
அரட்டை அறைக்குள் நுழைந்தேன்.
என் பெயர் அங்கே லண்டன்_டேனி.
லண்டன் எனக்குத் தெரியாது.
மண்டபம் தாண்டினால் ராம்நாடு தெரியும்.
அவள் பெயர் நாகை_நிலா.
நர்சிங் இரண்டாம் வருடம் என்றாள்.

ஆங்கில எழுத்தில் தமிழைக் கோத்து
சாப்டியா என்று கேட்கவே
ஏழெட்டு எழுத்தை ஒற்றை விரலால் தேட வேண்டும்.
பதில் வருவதற்குள் டீ ஆறிவிடும்.
அந்த ஆறும் நேரத்தில்தான்
அவளுக்கு முகம் செய்தேன்,
வெள்ளைச் சீருடை தைத்தேன்,
இடது கன்னத்தில் ஒரு மச்சமும் வைத்தேன்.

மூன்றாம் வாரம் காது கவனித்தது.
நான் தட்டினால்
பலகைக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுகிறது.
நான் நிறுத்தினால் அங்கே தட்டுகிறது.
வெறும் கேள்விக்குறி ஒன்று போட்டேன்.
பலகைக்குப் பின்னால் இருமல்.
பீடி இருமல்.
நம்புக்குமார் இருமல்.

எட்டிப் பார்க்கவில்லை.
இன்னும் பத்து நாள் நிலாவோடே பேசினேன்.
அவனுக்கும் தெரிந்திருக்கும், என் செருப்பு வாசலில் கிடந்ததே.
ஒருநாள் நிலா எழுதினாள்:
எனக்குக் கடல்னா பயம்,
வீட்டுல சொன்னா சிரிப்பாங்க.
படகு ஓட்டுகிறவன் மகன்
தன் பெயரில் அதை யாரிடமும் சொன்னதில்லை.
நான் என்ன பதில் போட்டேன் என்பது
சத்தியமாக நினைவில்லை.
கீழே சாம்பல் எழுத்தில் ஒரு வரி வந்தது:
நாகை_நிலா அறையை விட்டு வெளியேறினார்.

இப்போது குழு.
பாம்பன் வடகரை விசைப்படகு நண்பர்கள் - 2.
ஒன்று சண்டையில் உடைந்துபோனது.
இருநூற்றுப் பதினெட்டுப் பேர்.
விடியுமுன் ரோஜாப்பூ, வேளாங்கண்ணி மாதா,
டோக்கன் உண்டா இல்லையா,
கணவாய் கிலோ என்ன,
யாரோ தொலைத்த ஆதார் அட்டை,
ஒரே வீடியோ நாலு பேரிடமிருந்து.
சும்மா சொல்லக்கூடாது,
கூண்டு ஏற்றுமுன் காற்றைச் சொல்லிவிடும் குழு.
ஓ நெகட்டிவ் ரத்தம் என்றால்
இருபது நிமிடத்தில் ஆள் வண்டியில் வந்து நிற்கும்.

நம்புவும் அதில் இருந்தான்.
நம்பு டீசல் என்று பதிந்திருந்தேன், பங்க் கணக்குக்காக.
ஆறு வருடத்தில் அவன் எனக்கென்று அனுப்பியது
ஒரு கட்டைவிரல்.
நான் அனுப்பியதும் அதேதான்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை
படகு திரும்பியது. அவன் திரும்பவில்லை.
குழு முழுக்கக் கூப்பிய கைகள்.
நூற்றெழுபதுவரை எண்ணினேன்.
அடுத்து வந்தது ரோஜாப்பூ,
இனிய காலை வணக்கம்.
அப்புறம் கணவாய் விலை.

மாசி மாதம், செவ்வாய் மதியம்,
அதே சாம்பல் எழுத்து:
நம்பு டீசல் வெளியேறினார்.

நாலு மாசம் தொடாத எண்ணை
கம்பெனியே கழித்துவிடுமாம், மகன் சொன்னான்.
புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் கேட்டார்:
யாருப்பா அது, என்ன கோவம்?
அட்மின் சகாயம் டைப் செய்கிறார் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது. நின்றது.
எதுவும் வரவில்லை.

அவன் எண்ணைத் தனியே திறந்து
ஆங்கில எழுத்தில், ஒற்றை விரலால்,
சாப்டியா என்று தட்டினேன்.
அனுப்பவில்லை.
அடுக்களையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.
கொஞ்சம் நிறுத்து என்றேன்.
எதுக்கு என்றாள்.
ஒரு நிமிசம், நிறுத்தேன்.