முதல் வகுப்புக்கு நாய் வேண்டாம்

முதல் வியாழன் நாயைக் கூட்டி வராதீர்கள் என்று
செய்தி அனுப்பியிருந்தேன்.
ஒருவர் கூட்டி வந்தார்.
காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு
அவர் மைத்துனன் இரண்டு மணி நேரம் அதற்குத் துணை.

ஷார்ஜா, பதின்மூன்றாம் தொழிற்பேட்டை.
டயர்க் கடைக்கும் பளிங்கு அறுக்கும் பட்டறைக்கும் நடுவில்
என் கிடங்கு. பதினொரு பிளாஸ்டிக் நாற்காலி.

சொன்னேன்:
புறங்கையைத் தார்ச்சாலையில் வையுங்கள்,
ஏழு எண்ணும்வரை தாங்கவில்லையென்றால்
அதன் பாதமும் தாங்காது.
இழுக்க இழுக்க நீளும் கயிற்றைத் தூக்கிப் போடுங்கள்.
கோழியை உப்பில்லாமல் வேகவைத்து
சுண்டுவிரல் நகமளவு நறுக்குங்கள்.
வகுப்பன்று மதியம் அரை வயிறு போதும்,
அதற்கு. உங்களுக்கு அல்ல.
தடுப்பூசிப் புத்தகம் மறக்க வேண்டாம்.

பிறகு சோடி சோடியாக நிறுத்தி
ஒருவர் மணிக்கட்டில் கயிற்றை மாட்டி
மற்றவரை இழுக்கச் சொன்னேன்.
சைட்டில் முந்நூறு பேரை விரட்டும் மேற்பார்வையாளர்
மூன்றாவது இழுப்பில் சிரிப்பை நிறுத்தினார்.

ஒரு வீட்டுக்கு ஒரு சொல், என்றேன்.
அங்கேதான் சண்டை.
செல்வின் நாகர்கோவில்: "இரி."
தர்ஷிகா யாழ்ப்பாணம்: "இரு."
மகன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தது: "சிட்."
"எங்கூர்ல இருன்னா கொஞ்சம் பொறுன்னுங்க"
என்றார் பின்வரிசையில் ஒரு பொள்ளாச்சிக்காரர்.
உட்காருவதா, காத்திருப்பதா,
பிஸ்தா பாதி குனிந்து அப்படியே நிற்குமாம்.

படிவத்தில் ஆறாம் கேள்வி:
இதற்கு முன் யார் வீட்டில் வளர்ந்தது?
விசா முடிந்து மணிலா போன ஒரு நர்ஸ், என்று எழுதியிருந்தார்கள்.
அவரிடம் கேளுங்கள், என்றேன்.
உங்களுக்கு வீட்டுப்பாடம் அவ்வளவுதான்.

அடுத்த வியாழன்
தர்ஷிகா கைபேசியை நீட்டினாள்.
பதினெட்டு நொடிக் குரல். முதல் பன்னிரண்டில்
மூக்கை உறிஞ்சும் சத்தம், எங்கோ ஒரு சேவல்.
பிறகு: "உப்போ."

பிஸ்தா சிமெண்ட் தரையில் சட்டென்று உட்கார்ந்தது.
உட்கார்ந்தபடி
கதவைப் பார்த்தது.

கோழிப் பொட்டலங்களைக் கொஞ்ச நேரம்
யாரும் பிரிக்கவில்லை.

செல்வின்தான் முழங்காலிட்டு
"உப்பு" என்றான்.
"ஐயோ, உப்பு இல்லையப்பா. உப்போ."
"உப்பு."
கதவிலிருந்து தலையைத் திருப்பி
வாலால் தரையை ஒருமுறை தட்டிவிட்டு
அது உட்கார்ந்தே இருந்தது.

உப்பில்லாத துண்டு ஒன்றை
அவன் நீட்டிய கையில் நக்கி எடுத்தது.