பதின்மூன்றில் ஒன்பதாம் பக்கம்

புந்தா அரீனாஸில் காற்று வெறிபிடித்தால்
நகராட்சி ஆட்கள் தெருவோரம் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
இன்று கயிறு கட்டிய நாள்.
முன்னும் பின்னுமாய் வந்தார்கள் இருவரும்
ஒரே கயிற்றைப் பிடித்தபடி,
பேசாமல்.

நோட்டரி அலுவலகத்தில் நான் தட்டச்சுப் பெண்.
ஐம்பத்தெட்டு வயதானாலும் பெண்தான்.
மிலென்காவும் அர்னால்டோ பர்ரியாவும்
மேசைக்கு அந்தப் பக்கம்,
நடுவில் ஈரக் குடை ஒன்று, கம்பி முறிந்தது.
விவாகரத்து உடன்படிக்கை, பதின்மூன்று பக்கம்:
வீடு அவளுக்கு, படகு அவனுக்கு,
நாய்க்கு மட்டும் ஒரு முழுப் பத்தி.

புதிதாக எதையும் நான் அடிப்பதில்லை.
பழைய கோப்பைத் திறப்பேன்,
ஆட்களை மாற்றுவேன்,
வேறு பெயரில் சேமிப்பேன்.
ஹெடரில் அலுவலகப் பெயர்,
முதல் பக்கத்துக்கு மட்டும் முத்திரையோடு.
ஃபூட்டரில் கட்சிக்காரர் பெயரும் பக்க எண்ணும்.
ஒரிடத்தில் மாற்றினால்
எல்லாப் பக்கத்துக்கும் தானே போய்ச் சேரும்.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மிலென்கா மருந்துக்கடைக்காரி.
பொடி எழுத்தைப் படித்தே பிழைப்பவள்.
ஒன்பதாம் பக்கத்தின் அடியில் விரல் வைத்தாள்.
"யார் இந்த ஓயார்சோ? யார் விவார்?"

அங்கேதான் சொத்துப் பட்டியல்.
அகலமான அட்டவணை, நெட்டுத்தாளில் அடங்காது.
அதற்காக அந்த ஒரு பக்கத்தைப்
படுக்கையாகத் திருப்பி, தனிப் பிரிவாக்கி,
'முந்தையதோடு இணை' என்பதை எடுத்துவிட்டிருந்தேன்,
பதினோரு வருடம் முன்பு.
முதல் பிரிவில் பெயர் மாற்றுவேன்.
கடைசிப் பிரிவில் மாற்றுவேன்.
தொடர்பறுத்த பிரிவுக்குச் சேதி போகாது,
அது தன் பாட்டில் பழைய பெயரையே
சொல்லிக்கொண்டிருக்கும்.

பதினோரு வருடம்.
நீதிபதி பார்த்தார், முத்திரை குத்தினார்.
வக்கீல்கள் பார்த்தார்கள்.
இந்த ஊரில் பிரிந்த அத்தனை பேரும்
ஒன்பதாம் பக்கத்தில்
ஓயார்சோவையும் விவாரையும் சேர்த்தே பிரித்திருக்கிறார்கள்.

எனக்கு வியர்த்தது. கணப்பைக் குறைத்தேன்.
"எழுத்துப் பிழை" என்றேன்.
எழுத்தில் பிழையே இல்லை.

திரையில் அடியோரத்தை இருமுறை சொடுக்கினேன்.
வீடும் படகும் நாயும் வெளிறிப் போயின.
அடியோரம் மட்டும் கறுத்து நின்றது.
எப்போதும் அப்படித்தான்,
ஓரத்தில் கை வைத்தால் உடம்பு மங்கும்,
உடம்புக்குத் திரும்பினால் ஓரம் மங்கும்.
இருவரும் எழுந்து வந்து
என் இரு தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.
ஒருவரின் மூச்சில் மாத்தே கசந்தது.

"அவர்கள் பிரிந்துவிட்டார்களா?"
கேட்டது அர்னால்டோ.
அலுவலக ரகசியம் என்றேன்.

ரகசியம் இதுதான்:
கையெழுத்துக்குக் குறித்த நாளில் அவர்கள் வரவில்லை.
அதற்கடுத்த வாரமும் வரவில்லை.
கட்டணப் பாக்கி இன்னும் கணக்கில் நிற்கிறது.
போன சனிக்கிழமை மீன்கடையில்
ஒரு நண்டுக்காக இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள்,
கடைக்காரனே நண்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டான்.

பெயர்களை அடித்தேன்: பர்ரியா, மிலென்கா.
ஒரு தாளை மட்டும் மறுபடி அச்செடுத்தேன்.
சூடாக வந்தது. கையெழுத்திட்டார்கள்.
குடையை இருவரும் மறந்துவிட்டுப் போனார்கள்.
சன்னலில் பார்த்தேன்:
கயிற்றில் முந்திச் செல்ல இடமில்லை,
அவள் நின்று மூச்சு வாங்க, அவனும் நின்றான்,
அவ்வளவுதான்.

மாலையில் தாய்க்கோப்பைத் திறந்தேன்.
ஒன்பதாம் பக்கம். ஓயார்சோ. விவார்.
அழித்தேன். அடியோரம் காலியாக, எண் மட்டும்.
மூடப்போனபோது
மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது.

வெளியே கயிறு
தந்தி மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது.
வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு
விளக்கை அணைத்தேன்.
நாளைக்குக் காலை பத்து மணிக்கு
இன்னொரு ஜோடி.