ஓர் எழுத்துக்கான விண்ணப்பம்

ஐயா, அல்லது அம்மா,
உதவிப் பக்கத்தின் அடியில் உங்கள் பெயர்
இரண்டு முதலெழுத்துகளாக மட்டும் இருக்கிறது.

கோத்தகிரிக்குக் கீழே, அரவேணு போகும் வளைவில்
ஒரு தேயிலைத் தொழிற்சாலை. நான் எடைக்கணக்கு.
இரவு ஒன்பதரைக்கு, கடைசி வண்டி இறங்கியபின்
கறுப்புத் திரையில் உங்கள் கருவியின் பெயரை அடித்து
அன்றைய கோப்பைச் சுருக்குவேன்.
நாற்பது இருந்தால் நான்காகும்.
எங்கள் இணைப்புக்கு அவ்வளவுதான் தாங்கும்.

சுருக்கிய கையோடு மூலத்தை அழித்துவிடுகிறது.
அதுதான் வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள்.
படித்தேன். இரண்டு முறை.

ஆடியில் ஒரு செவ்வாய். சில்வர் ஓக் ஒன்று
மின்கம்பியின் மேல் சாய்ந்தது.
கருவி 'முடிந்தது' என்றது,
வட்டு இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.
கரண்ட் வந்தபோது மூலம் இல்லை.
சுருங்கியது இருந்தது:
பூஜ்ஜியம் பைட்.

மறுநாள் ஒவ்வொருவராகக் கேட்டேன்.
மிச்சியம்மாள், முப்பத்தொன்று.
பெள்ளன் வானத்தைப் பார்த்துவிட்டு,
'எழுபது போட்டுக்கோ.'
தெய்வநாயகி துண்டுச்சீட்டைத் தேடினாள்,
அது மழையில் கூழாகியிருந்தது.
ஐம்பத்தெட்டுப் பேர்.
கூட்டினால்
எடைப்பாலம் காட்டியதைவிட
அறுநூற்றிரண்டு கிலோ குறைவு.

மழைநாளில் ஈரத்துக்கென்று
நூற்றுக்குப் பத்து கழிப்போம்.
நான் கேட்குமுன்பே
கழித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

'நமக்கு லாபம்தானே' என்றார் மேலாளர்.
அறுநூற்றிரண்டையும் திரும்பப் பிரித்துப் போட
மூன்று இரவு ஆனது எனக்கு.
யாருடையது எவ்வளவு என்று
இன்றைக்கும் தெரியாது.

ஆகவே கேட்கிறேன். ஒரு சிறு கோடு, பின்னால் ஓர் எழுத்து.
அதை அடித்தால் கருவி காத்திருக்க வேண்டும்:
வட்டு எழுதி முடிக்கும்வரை,
எழுதியதைத் தானே ஒருமுறை விரித்துப் பார்க்கும்வரை.
அப்புறம் அழிக்கட்டும்.
இருபத்தாறில் இருபத்தொன்றை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள்.
மிச்சமுள்ள ஐந்தில் எதுவானாலும் சம்மதம்,
யாருக்கும் வேண்டாத அந்தக் கடைசி எழுத்தானாலும்.

இலவசமாய்க் கொடுத்தவரிடம்
இன்னும் கேட்பது முறையா, தெரியவில்லை.
அரைக்கிலோ தூள் அனுப்பலாம் என்றால்
முகவரி இல்லை.

இப்போது ஒன்பது இருபத்தெட்டு. மேலே ஹுல்லிக்கல் பக்கம்
இடி இறங்குகிறது.
இன்றைய கோப்பை நோட்டில்
கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்,
பெள்ளன் வரை வந்துவிட்டேன்.